கம்பியில் கை வைக்காதவன்

அபூதாஹிருக்குக் கேள்வி கேட்காமல் இருக்க ஏலாது. கண்டல்முனைத் துறையைக் கடந்து போகிற எல்லோருக்கும் அது தெரியும். லொறிக்காரர்கள் அவருக்குக் கேள்வி நானா, அதாவது கேள்வி அண்ணன், என்று பெயரே வைத்திருந்தார்கள். மூட்டையோடு வருகிறவனிடம் உள்ளே என்ன என்று கேட்பார். நெல் என்றால் எந்த வயல், என்ன விதை, பூச்சி விழுந்ததா என்று கேட்பார். எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற சீனன்குடாவில் வேலை செய்கிறவன் ஒருவன் சைக்கிளோடு வந்து ஏறினால் அவன் தொலைந்தான். அந்த எண்ணெய்த் தாங்கிகளின் மூடியைத் திறக்காமல் உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று தொடங்கி, மறுகரை வரும்வரை விடமாட்டார். பதில் கிடைக்காவிட்டால் அந்த ஆள் திரும்பி வருகிற நாளை நினைவில் வைத்திருந்து மறுபடியும் கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இருபது வருசத்துக்கு மேலாகக் கேட்காமல் வைத்திருந்தார். அதைக் கேட்கக்கூடாது என்ற வழக்கத்துக்காக அவருடைய உத்தியோகமும் போனது.

மூதூர்ப் பக்கம் போகிற வழியில், ஒரு ஆறு கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற இடத்தில் இருந்தது கண்டல்முனைத் துறை. பாலம் கிடையாது. இரண்டு அகன்ற தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, சுற்றிக் கம்பி வேலி போட்ட மிதவை ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்துச் சனம் அதைப் பாதை என்று சொல்லும். ஒரு லொறியும் முப்பது பேரும் அதில் ஏறலாம். கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய தடித்த கம்பிக் கயிறு ஒன்று அதன் பக்கத்தால் ஓடும். கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆறு பேர் அந்தக் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள். பாதை அசைந்து அசைந்து போகும். ஏழாவது ஆள் தண்டையல், அந்தப் பாதைக்குத் தலைவர். கரைச் சங்கிலியைப் போடுவதும் கழற்றுவதும், பின்னால் நீண்ட கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவருடைய வேலை. கம்பியை அவர் தொடுவதில்லை.

காற்றில்லாத நாளில் சின்னப் பிள்ளையும் அந்தப் பாதையை இழுக்கும். ஆனால் கார்த்திகை பிறந்து வாடைக்காற்று எழும்பினால் குடாவின் வாயிலிருந்து கடல் நேரே ஆற்றுக்குள் ஏறும். அப்போது போவதா நிற்பதா என்று ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். வேறு துறைகளில் தண்டையல் சொல்வார். கண்டல்முனையில் அப்படியில்லை. ஆறு பேரும் எழும்பிக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒவ்வொருவராகக் கையைக் கம்பியில் வைப்பார்கள். ஆறு கையும் விழுந்தால் தண்டையல் சங்கிலியைக் கழற்றுவார். ஐந்து விழுந்து ஒன்று விழாவிட்டால் கழற்றமாட்டார். எல்லோரும் திரும்பி வந்து கரையிலிருந்த ஓலைக் கொட்டிலில் குந்துவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழும்பிப் பார்ப்பார்கள்.

கை வைக்காதவனிடம் ஏன் என்று கேட்கக்கூடாது. பகிடி பண்ணக்கூடாது. அவன் முகத்தைக் கூர்ந்து பார்க்கவும் கூடாது. கேட்டால் அவன் ஒரு காரணம் சொல்ல வேண்டிவரும். இதெல்லாம் ஒரு காரணமா என்று இன்னொருவன் சிரிப்பான். அடுத்த முறை மனம் ஒப்பாவிட்டாலும் வெட்கத்தில் அவன் கையை வைத்துவிடுவான். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று அபூதாஹிர் கேட்காத ஆள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பாதை கவிழ்ந்து பதினொரு பேர் போன பிறகு வந்தது என்றார் ஒருவர். கரைவலைக்காரரிடமிருந்து வந்தது என்றார் இன்னொருவர். உறுதியாக ஒருவருக்கும் தெரியாது.

அபூதாஹிர் ஐம்பத்தோராம் ஆண்டு கம்பிக்கு வந்தார். இருபத்தைந்து வயது. மாடு மாதிரி உடம்பு. பதினொரு வருசம் இழுத்தார். அந்தப் பதினொரு வருசத்தில் ஒருநாளும் அவருடைய கை பின்னுக்கு நின்றதில்லை. மற்றவர்கள் யோசிக்கும் முன் அவர் பிடித்துவிட்டிருப்பார். அதனால்தான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. பக்கத்தில் நிற்கிறவன், தன்னைப்போலவே பலமுள்ளவன், அதே தண்ணீரைப் பார்க்கிறவன், சிலநாள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறானே. அவனுக்குள் அந்த நேரம் என்ன நடக்கிறது? காலில் தெரிகிறதா, காதில் தெரிகிறதா? முதல்நாள் கனவு கண்டானா? வீட்டுக்கு வந்து மனைவி றுக்கியாவிடம் சொல்லிச் சொல்லி மாய்வார். போய்க் கேளுங்களேன் என்பாள் அவள். கேட்க ஏலாது என்பார். அப்படியென்றால் படுங்கள் என்று அவள் பாயை உதறிப்போடுவாள்.

அறுபத்திரண்டில் அவரைத் தண்டையலாக்கினார்கள். அப்போது அவர் கம்பியை விட்டுச் சங்கிலிக்கு வந்தார். இப்போது ஆறு கைகளையும் ஒன்றாகப் பார்க்கலாம். பார்க்கப் பார்க்கக் கேள்வி பெருத்தது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம் கொட்டிலுக்குள் டெலிபோன் வந்தது. பட்டினத்திலிருந்த கந்தோர், அதாவது மாவட்டத்துத் துறைகளையெல்லாம் பார்க்கிற அரசாங்க அலுவலகம், புதிய சட்டம் ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தது. இனிமேல் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் தண்டையல் கந்தோருக்கு எடுத்துக் கேட்க வேண்டும். போ என்று உத்தரவு வந்தால் பாதை போகும். நில் என்றால் நிற்கும். வேறொருவரும் முடிவெடுக்கக்கூடாது.

அபூதாஹிருக்குக் கோபம் வரவில்லை. டெலிபோன் அவருக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. கம்பிக்குள்ளால் பேச்சு எப்படிப் போகிறது என்று, அதைப் பூட்ட வந்தவனிடம் அரைநாள் கேட்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல். மெல்லிய குரல், ஆனால் உத்தரவைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிரும். ‘ஓம், பாதை போகலாம், கந்தோர் உத்தரவு’ என்று சொல்லும். ஆனி, ஆடி, ஆவணியெல்லாம் தரைப்பக்கமிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலம். துறை மறைவில் கிடந்தது. கந்தோரும் போ என்றது, ஆறு கையும் விழுந்தது. இரண்டுக்கும் சண்டை வரவில்லை.

ஐப்பசியில் ஒரு புதுமை நடந்தது. காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மழை மட்டும் சோவென்று கொட்டியது. அன்றைக்குக் கந்தோர் நில் என்றது. ஆறு பேரும் மழையில் நனைந்துகொண்டு நல்ல தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுகரையில் சனம் ஏசியது. மழைக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்று அபூதாஹிர் இரண்டு நாள் யோசித்தார். அங்கே குந்திக்கொண்டு இங்கே இருக்கிற தண்ணீரை எப்படிப் பார்க்கிறார்கள்? கண்ணாடியா, கருவியா? அடுத்தநாள் டெலிபோனில் கேட்டும் பார்த்தார்.

“மகள், உங்களுக்கு இஞ்சத்தக் காத்து எப்படித் தெரியுது?”

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, அது மேலிடத்து உத்தரவு என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் குரல் வைத்துவிட்டது.

மார்கழி முதல் கிழமை ஒருநாள் வாடை நல்லாக எழும்பியது. கந்தோர் போ என்றது. மறுகரையில் கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவருடைய ஜீப் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அதை ஏற்றப் பாதை அங்கே போக வேண்டும். ஆறு பேரும் எழும்பினார்கள். ஐந்து கை விழுந்தது. சம்பூர்த் தம்புவின் கை விழவில்லை.

தம்பு பதினாறு வருசம் கம்பியில் நின்றவன். முரடன். சுறா வந்து முட்டிய தோணியிலிருந்து நீந்திக் கரையேறியவன். அவன் சாக்குத் துண்டைக் கையில் சுற்றியபடி நின்றான். கம்பியைத் தொடவில்லை. அபூதாஹிர் சங்கிலியைக் கழற்றவில்லை. டெலிபோன் இரண்டு முறை அடித்தது. பாதை ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டது. ஒரு கை விழவில்லை என்று அபூதாஹிர் உள்ளதைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. மறுகரையில் ஜீப் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு, திரும்பிச் சுற்றுவழியால் போனது.

அது போய்ப் பத்து நிமிசத்தில் காற்று விழுந்துவிட்டது. பிறகு பொழுது படும்வரை எழும்பவேயில்லை. அன்று அந்தப் பாதை பத்துத் தரம் போய் வந்திருக்கலாம். கரையில் நின்ற சனம் அதைச் சத்தமாகவே சொன்னது. தம்பு கேட்டுக்கொண்டு நின்றான்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. கந்தோர் உத்தரவை மீறிப் பாதையை நிறுத்தியது யார் என்று விசாரணை. தண்டையல் அபூதாஹிர் பட்டினத்துக்கு வர வேண்டும்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் பயத்தைவிட ஆசைதான் கூட இருந்தது. முடிவு எடுக்கிற இடத்தை இன்று பார்க்கப் போகிறேன் என்று நினைத்தார். கந்தோர் மேல்மாடியில் இருந்தது. துறைகளுக்குப் பொறுப்பான எஞ்சினியர் வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று நீட்டு வாங்கு ஒன்றில் உட்காரவைத்தார்கள். இருந்த இடத்தில் அந்தக் குரல் கேட்டது. எழும்பிப் போனார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, முன்னால் டெலிபோன், ஒரு தடித்த பதிவுப் புத்தகம். பெயர் கோணேஸ்வரி. அவர் யார் என்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டாள்.

உத்தரவு கொடுக்கிறவர் எந்த அறையில் இருக்கிறார் என்று அபூதாஹிர் கேட்டார். அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“சேர் வெளிவேலைக்குப் போனால் கிழமைக்கணக்கிலை வரமாட்டார், நானா. நீங்கள் ஏழு மணிக்கு எடுப்பியள். நான் ஆரைக் கேக்கிறது? நான்தான் சொல்லுறனான்.”

“நீங்களா? எதைப் பாத்துச் சொல்லுறீங்க?”

அவள் யன்னலைக் காட்டினாள். கீழே உள்துறைமுகம் கிடந்தது. ஒரு இறங்குதுறையின் நுனியில் கொடிமரம், அதில் ஒரு கொடி. கொடி பறந்தால் நில், தொங்கினால் போ. மழை கொட்டி ஒன்றும் தெரியாவிட்டால் பயத்தில் நில் என்று சொல்லிவிடுவாள். ஆறு மாதமாக இப்படித்தான் மாவட்டத்தின் பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அபூதாஹிர் யன்னலுக்குப் போய் நின்றார். அன்று காலை அவர் கண்டல்முனையில் பஸ் ஏறும்போது வாடை இடுப்புச் சாரத்தைப் பிடுங்கியது. இங்கே தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. கொடி கழுவிக் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கியது. சுற்றிவர மலை. உலகத்துக் கப்பலெல்லாம் வந்து ஒளித்து நிற்கிற துறைமுகம் அது. வாடை அடித்தாலும் அந்தக் கொடிக்குத் தெரியவராது.

மலை மறைக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். கோணேஸ்வரி யன்னலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், பிறகு தன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளிறிவிட்டது. எத்தனை நாள் போ என்று சொல்லியிருக்கிறேன் என்று அவள் எண்ணுவது தெரிந்தது. அபூதாஹிர் ஏசவில்லை. இது அவருக்கு அவ்வளவு புதினமாக இருந்தது. கடைசியில் பெரிய கந்தோரின் முடிவும் ஒரு ஆளின் கண்ணுக்குத்தான் வந்து நிற்கிறது, அந்த ஆளும் ஒரு துணித்துண்டைத்தான் பார்க்கிறாள் என்று தலையை ஆட்டிக்கொண்டார். கண்டல்முனையில் எப்படி என்று அவள் கேட்டாள். ஆறு கையைப் பற்றிச் சொன்னார். அவள் வாய் திறந்தபடி கேட்டாள்.

எஞ்சினியர் பொல்லாதவர் அல்ல. உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார். சட்டம் ஏன் வந்தது என்றும் விளக்கினார். வேறொரு மாகாணத்தில் ஒரு தண்டையல், பெரிய முதலாளி ஒருவர் வெருட்டினார் என்று காற்றுக்குள் லொறியை ஏற்றினான். லொறியும் சனமும் ஆற்றில் போனது. தனியே நிற்கிற தண்டையலை யாரும் வெருட்டலாம். முடிவு கந்தோரில் இருந்தால் ஒருவரும் அவனை வெருட்ட ஏலாது. சட்டம் உங்களைக் காப்பாற்றத்தான் வந்தது என்றார்.

அபூதாஹிர் அதை யோசித்தார். அது பொய்யில்லை என்று பட்டது. அவரையும் பலர் வெருட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்டல்முனையில் யாரை வெருட்டுவது? அவருக்கு வேண்டியது ஆறு கை. அதில் எது நிற்கும் என்று அவருக்கே தெரியாது. இதை அவர் சொல்ல, எஞ்சினியர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப, பேர் சொல்லாத ஒருத்தன், காரணம் சொல்லாமல், அரசாங்கத்துப் பாதையை நிப்பாட்டலாம் எண்டு சொல்லுறியள்?”

“ஓம் சேர்.”

“இது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?”

“புத்தகத்திலை இல்ல, சேர்.”

எஞ்சினியர் தாள் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். அதில், நிறுத்தியவர் பெயர் என்று ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது. கொழும்பு அந்தக் கோட்டில் ஒரு பெயர் கேட்கிறது என்றார். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது, எச்சரித்து விடுவோம், பெயர் மட்டும் வேண்டும். அபூதாஹிர் தன் பெயரைப் போடச் சொன்னார். தண்டையல் சங்கிலியில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றதாக அந்தப் பெரிய அதிகாரியே எழுதியிருக்கிறார், அதனால் உங்கள் பெயர் சரிவராது என்றார் எஞ்சினியர்.

“நானா, பேரைச் சொன்னால் நாளைக்கும் நீங்கள் தண்டையல். சொல்லாட்டி நான் உங்களைக் கம்பிக்கு இறக்கோணும். வேறை வழி எனக்கில்லை.”

அபூதாஹிர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். பெயர் தாளில் ஏறினால் ஊருக்குத் தெரியும். பிறகு எவன் கையைத் தொங்கப்போடுவான்? அடுத்த வாடைக்கு ஆறு கையும் விழும். எந்த வாடைக்கும் விழும்.

“இறக்குங்க சேர்” என்றார்.

வீட்டில் றுக்கியா சோறு போட்டுவிட்டு எதிரே குந்தினாள். எந்தப் பெயரை மறைத்தார் என்று அவளுக்குத் தெரியாது, அவர் சொல்லவுமில்லை. பன்னிரண்டு வருசம் தண்டையலின் பெண்சாதியாக இருந்தவளுக்கு அது பெரிய இறக்கம். அவள் அழவில்லை, ஆனால் கேட்டாள்.

“அவன் ஏன் வெக்கல்ல எண்டாவது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“காத்தும் விழுந்திச்செண்டு செல்லுறாங்க.”

“ஓம். விழுந்திச்சு.”

“அப்ப ஒண்டுமில்லாத ஒண்டுக்கு நீங்க கம்பி இழுக்கப் போறீங்க.”

அபூதாஹிர் சோற்றைப் பிசைந்தார். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அது அவருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்தநாள் பின்னேரம் தம்பு வந்தான். கையில் ஓலையில் கோத்த மீன். முற்றத்து மாமரத்தடியில் நின்றபடியே, உள்ளே வரமாட்டேன் என்றான். மீனை றுக்கியாவிடம் கொடுத்துவிட்டு அபூதாஹிரின் பக்கம் திரும்பினான். அபூதாஹிரை இறக்கிய கதை துறை முழுக்கப் பரவியிருந்தது.

“நானா, நான் ஏன் அண்டைக்கு...” என்று தொடங்கினான்.

அபூதாஹிரின் இருபத்திரண்டு வருசக் கேள்விக்குப் பதில், கேட்காமலே வந்து முற்றத்தில் நிற்கிறது. ஒரு நொடி பொறுத்தால் போதும். வாசலில் றுக்கியாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பதில் என்னவாக இருக்கும்? தண்ணீரில் எதையாவது கண்டிருப்பானா? அல்லது முதல்நாள் மனைவியோடு சண்டையா, கையில் ஒரு கொப்புளமா? கொப்புளம் என்றால் அதைக் கேட்ட பிறகு இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளைக்கு இவனுக்குப் பக்கத்தில் நின்று எப்படிக் கம்பியைப் பிடிப்பது?

“தம்பு, வாயைப் பொத்துடா” என்றார். “மீனுக்கு நன்றி. போ.”

தம்பு போனான். றுக்கியா மீனை அரிந்துகொண்டே, உலகத்திலேயே விசர்பிடித்த மனிசன் நீங்கள்தான் என்றாள். அபூதாஹிர் மறுக்கவில்லை. அன்று முழுக்க அவருக்குத் தன் வாயிலேயே ஒரு அடி போட வேண்டும்போல் இருந்தது.

தை பிறக்கப் புதிய தண்டையல் வந்தான். அன்ஸார் என்று பெயர். முன்பு பட்டினத்தில் களஞ்சியம் பார்த்தவன். நல்லவன், ஆனால் பதற்றக்காரன். ஏழு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போதே டெலிபோனுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். உத்தரவு வந்தால் அப்படியே நடத்த வேண்டும் என்று எழுத்தில் வாங்கி வந்திருந்தான். இழுக்கிறவர்களில் ஒருவன் வேறு துறைக்கு மாறிப்போன இடத்தில், அபூதாஹிர் நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் கையில் சாக்குச் சுற்றினார். உள்ளங்கை இரண்டு நாளில் கிழிந்தது. அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வலப்பக்கம் தம்பு நின்றான். இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வாடை அடித்தது. கடும் காற்று என்று சொல்ல ஏலாது. இதைவிட மோசமான காற்றில் அபூதாஹிர் ஆயிரம் தரம் இழுத்திருக்கிறார். அன்ஸார் கொட்டிலுக்குள் டெலிபோனைச் சுழற்றிக்கொண்டிருந்தான், இணைப்பு கிடைக்கவில்லை. பாதையில் லொறியும் சனமும் ஏறிவிட்டது. சனம் அவசரப்படுத்தியது. அவன் பதறி வெளியே வந்து, எல்லோரும் கம்பியைப் பிடியுங்கள், இணைப்பு வந்ததும் போவோம் என்றான்.

ஒவ்வொரு கையாக விழுந்தது. தம்புவின் கையும் விழுந்தது. ஐந்து.

அபூதாஹிர் தன் கையைப் பார்த்தார். அது தொடைக்குப் பக்கத்தில் தொங்கியது. போ என்று அதற்குச் சொன்னார். அது போகவில்லை. அவருக்கே திகைப்பாக இருந்தது. தண்ணீரைப் பார்த்தார், அலையை எண்ணினார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலடியில் பலகை வழக்கம்போல ஆடியது. காதுக்குள் விசேசமாக ஒன்றும் இல்லை. பயம் என்று சொல்லவும் ஏலாது, நெஞ்சு ஆறுதலாகத்தான் அடித்தது. உள்ளே எங்கோ ஒரு இடத்தில் வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். பிடிபடவில்லை. இதுவா அது என்று நினைத்தார்.

“ஏன் நானா?” என்றான் அன்ஸார். “ஏன் பிடிக்கல்ல?”

கம்பியடியில் நின்றவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். கண்டல்முனையில் அந்தச் சொல்லை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அபூதாஹிர் உண்மையில் யோசித்துப் பார்த்தார். ஒரு காரணம் கிடைத்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கிடைக்கவில்லை. தம்பு மெதுவாகத் தன் கையைக் கம்பியிலிருந்து எடுத்தான். பிறகு மற்ற நாலு கையும் எழும்பியது. ஆறு பேரும் பாதையிலிருந்து இறங்கிக் கொட்டிலில் வந்து குந்தினார்கள். அந்த நேரம் டெலிபோன் அடித்தது.

அன்ஸார் ஓடிப்போய் எடுத்தான். இனி உத்தரவு வரும், உத்தரவு வந்தால் இந்தக் கிழவனின் கதை முடிந்தது என்று நினைத்திருப்பான். மறுமுனையில் கோணேஸ்வரி பேசினாள். கொட்டில் சின்னது, எல்லோருக்கும் கேட்டது.

“தண்டையல், எத்தனை கை விழுந்தது?”

அன்ஸாருக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்கச் சொன்னான். அவள் மறுபடியும் கேட்டாள்.

“அஞ்சு, மிஸ். ஒண்டு விழல்ல.”

“அப்ப பாதை நிக்கட்டும். கந்தோர் உத்தரவு.”

அவன் டெலிபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அபூதாஹிர் கொட்டில் மூலையிலிருந்து அவனுக்கு ஒரு சுருட்டை நீட்டினார்.

அதன்பின் ஐந்து வருசம் அப்படியே போனது. காலையில் கோணேஸ்வரி கேட்பாள், அன்ஸார் எண்ணிச் சொல்வான், உத்தரவு அங்கிருந்து வரும். அன்ஸார் பிறகு ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டான். பதிவுப் புத்தகத்தில் எல்லாம் கந்தோரின் முடிவாகவே ஏறியது. ஒரு பிழையும் இல்லாமல் முடிவெடுக்கிற கந்தோர் என்று கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது என்று லொறிக்காரர் ஒருவர் சொன்னார். மற்றத் துறைக்காரர் எடுக்கும்போது அவள் என்ன கேட்கிறாள், அங்கே எதை எண்ணிச் சொல்கிறார்கள் என்று அபூதாஹிர் அவரிடம் கேட்டார். அது லொறிக்காரருக்குத் தெரியவில்லை.

எழுபத்தெட்டு மார்கழியில் எஞ்சினியரே துறைக்கு வந்தார். இடமாற்றம் கிடைத்துப் போகிறார். சட்டைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. அன்ஸாரைப் பட்டினத்துக்கு எடுத்துக்கொண்டு அபூதாஹிரை மறுபடியும் தண்டையலாக்குகிற கடிதம். அதைக் கொடுத்துவிட்டு மறுகரைக்குப் போக வேண்டும், அங்கே கார் நிற்கிறது என்றார். அன்று காற்று. ஆறு பேரும் எழும்பினார்கள். ஐந்து கை விழுந்தது.

எல்லோரும் எஞ்சினியரைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்து அவர்களோடு சாக்கில் குந்தினார். எந்தக் கை என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். அரைமணித்தியாலம் போனது. அபூதாஹிருக்குப் பொறுக்கவில்லை.

“சேர், உங்கட கந்தோரிலை ஆராவது இப்படிக் கை வைக்காமல் நிக்க ஏலுமா?”

எஞ்சினியர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தெரியாது, நானா. ஒருத்தரும் இன்னும் செய்து பாக்கேல்லை.”

பிறகு கடிதத்தை எடுத்து நீட்டினார். அபூதாஹிர் அதை எழுத்துக்கூட்டி முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தண்டையலுக்குக் கம்பியில் கை இல்லையே சேர், எனக்கு இது போதும் என்றார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருசம் கிடந்தது. எஞ்சினியர் வற்புறுத்தவில்லை.

ஒரு மணிபோல மறுபடியும் எழும்பினார்கள். காற்று அப்படியேதான் அடித்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை. கைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐந்து முடிந்து சற்றுப் பொறுத்து ஆறாவதும் விழுந்தது. அன்ஸார் சங்கிலியைக் கழற்றினான். எஞ்சினியர் வேலியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, ஆறு பேர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே மறுகரைக்குப் போனார்.